வேலியை நோக்கி நடந்த மன்றம்

மூங்கில்துறையின் மன்றக் கட்டிடம் முதன்முதலாக நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், மீன்சந்தைச் சாக்கடையைத் தூர்வாருவது யார் பொறுப்பு என்று உறுப்பினர்கள் உள்ளே இரைந்துகொண்டிருந்த நேரத்தில். தைலம்மை அப்போது ஒரு காலைக் கீழ்ப்படியிலும் மறுகாலை மண்ணிலும் ஊன்றிக்கொண்டு, சாக்கடைத் தண்ணீர் கருவாட்டுக் களத்துக்குள் வருகிறது என்று வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். துறையை விட்டுத் தோணி விலகுவது போல அந்தப் படி அவள் காலடியிலிருந்து ஒரு சாண் விலகியது. அவள் காலை எடுத்து மண்ணில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கட்டிடம் நகர்ந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சாக்கடை இன்றைக்கு ஓடுகிறது.

அந்த நாட்டைப் பட்டாளம் ஆண்டு முடித்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குவதற்காக இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து என்றைக்கோ கப்பலேறி வந்தவர்கள், கழிமுகக் கரையில் தங்கி, மீன் பிடித்து, மீன் உலர்த்தி, அந்த மண்ணின் மக்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, இரண்டு பாஷையிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டு வாழ்ந்த ஊர் மூங்கில்துறை. பட்டாளத்தின் காலத்தில் சட்டம் என்ன என்று அங்கே யாருக்கும் சொல்லப்பட்டதில்லை. முதுகில் அடி விழுந்த பிறகுதான் இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியும். நேற்று சைக்கிளில் இரண்டு பேர் போகலாம், இன்றைக்குப் போனால் கம்பு இறங்கும். நேற்று கடற்கரையில் விளக்கேற்றலாம், இன்றைக்கு ஏற்றினால் ஆளைக் காணோம். ஆகவே பட்டாளம் முகாமுக்குத் திரும்பி, தேர்தல் வந்து, விரலில் வைத்த மை காய்வதற்குள் மூங்கில்துறைச் சனங்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். மன்றம் எந்தத் தீர்மானம் போட்டாலும் தலைவர் படிக்கட்டில் வந்து நின்று அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். முற்றத்தில் நிற்கும் சனம் "காதுல விழுந்துச்சு" என்று சொல்ல வேண்டும். ஒருத்தர், ஒரே ஒருத்தர், "விழல" என்று சொல்லிவிட்டாலும் முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். எல்லார் காதிலும் விழும்வரை அது சட்டமில்லை.

காது மந்தமான சவரியாயிக்காக, தெருநாய்த் தீர்மானத்தை ஒரு தடவை காலையிலிருந்து உச்சி வரைக்கும் வாசித்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சவரியாயி கடைசியில் "ஆங், நாயா? அத முதல்லயே சொல்றதுக்கென்ன" என்றபோது முற்றமே சிரித்தது. சட்டத்தைக் கேட்டுச் சனம் சிரித்தது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்தத் தீர்மானத்தை வாசித்தவன் தைலம்மையின் தம்பி சோலையப்பன். பட்டாளத்தை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையில் கிடந்தவன். அங்கே அவன் நகங்களைப் பிடுங்கினார்கள், குரலைப் பிடுங்க முடியவில்லை. வெளியே வந்தபோதும் அந்தக் குரல் கழிமுகத்தின் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் கேட்டது. தைலம்மை வீடுவீடாகப் போய், "நம்ம சோலைக்குப் போடுங்க, அவனுக்குப் பயங்கிறதே தெரியாது" என்று ஓட்டுக் கேட்டாள். அவன் தலைவரானபோது சந்தை முழுவதற்கும் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. கடற்கரையை ஒட்டிய கருவாட்டுக் களம், ஊரின் பாதிப் பெண்கள் மீனைக் கீறி உப்பிட்டு உலர்த்திப் பிழைக்கிற அந்த மணல்வெளி, இனிமேல் யாராலும் பறிக்கப்படக் கூடாது.

அந்த மன்றம் நடந்ததற்கு மூங்கில்துறைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமுடியாத ஒரு பிழை காரணம். பட்டாளத்தின் காலத்தில் பொழுது விடிவதற்குள் காலிசெய் என்று உத்தரவு வரும். அதனால் அந்த ஊரில் யாரும் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. பனங்கட்டைகளை வரிசையாகப் படுக்கவைத்து, அதன் மேல் தளம் போட்டு, வீட்டை எழுப்புவார்கள். உத்தரவு வந்தால் கட்டையை உருட்டி வீட்டோடு போய்விடலாம். மன்றத்தையும் அதே தச்சர்கள் அதே கையால் கட்டினார்கள். இனி யாரும் நம்மைத் துரத்த மாட்டார்கள், இதற்காவது மண்ணைத் தோண்டுவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தேக்குத் தூணும், ஓடும், தலைவருக்குச் சாய்வு நாற்காலியும் வைத்து, அத்தனையையும் பனங்கட்டைமேல் உட்காரவைத்தார்கள். கட்டையை யாரும் உருட்டவில்லை, கயிறு போட்டு யாரும் இழுக்கவில்லை. அது தானாகவே நடந்தது, வடக்கு நோக்கி நடந்தது. வடக்கே கம்பெனி வேலி இருந்தது.

அந்த வேலி தேர்தலுக்குப் பிறகு வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த கம்பெனி அங்கே பெரிய துறைமுகமும் தைக்கிற ஆலையும் போட்டு, அதற்குத் தாராள மண்டலம் என்று பெயர் வைத்தது. வந்தவர்கள் பட்டாளத்துக்காரர்களைப் போல் இல்லை. தயவுசெய்து என்றார்கள், மன்னியுங்கள் என்றார்கள், சனங்களுக்குத் தொப்பியும் தண்ணீர் போத்தலும் கொடுத்துச் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பட்டாளத்தின்மேல் கோபம் வந்தால் திட்டுவதற்கு ஒரு மீசை எதிரில் நின்றது. இவர்களைத் திட்ட வாயெடுத்தால் கும்பிடுகிறார்கள். தைலம்மைக்கு அதுதான் வயிற்றெரிச்சல். போதாததற்கு அவள் மகள் யோகராணி அந்த ஆலையில்தான் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக் கூரை மாறியது.

மன்றம் நடப்பதற்கு ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. டீக்கடை மீராசா தன் கடைக்குச் சக்கரம் மாட்டி அதன் பின்னாலேயே போனார். நடக்கிற மன்றத்துக்குப் பக்கத்தில் பால் சீக்கிரம் பொங்குகிறது என்றார். பஸ் நடத்துநர், "மன்றம் இறங்கு" என்று தினமும் ஒரு புது இடத்தில் விசிலடித்தான். அது விட்டுப்போன தடத்தில் வெளிறிய புல்லை மேய ஆடுகள் அலைந்தன. கல்யாணப் பத்திரிகைகளில், மன்றத்துக்குத் தெற்கே என்று போட்டிருந்த விலாசம் முகூர்த்த நாளுக்குள் பொய்யாகிப்போக, பந்தியில் உட்கார வேண்டியவர்கள் வேறு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மன்றத்தை வரையச் சொன்னால் பிள்ளைகள் கேட்காமலே கால் போட்டார்கள். ரேடியோவில் தலைநகரத்து மந்திரி பேசினார்: நாட்டிலுள்ள எல்லா மன்றங்களும் இப்படித்தான் நடக்கின்றன, நிதி மந்திரியின் அலுவலகம் ஏற்கெனவே பாதி கடலுக்குள் நிற்கிறது, உலகம் முழுக்க இதுதான் இயற்கை, நிற்கிற கட்டிடங்கள் பின்தங்கிப்போகும். கோட்டுப் போட்டவர்கள் வந்து ஒரு கருவியால் மன்றத்தின் நடையை அளந்து, இந்த நாடு முன்னேறுகிறது என்று தங்கள் பத்திரிகையில் எழுதினார்கள். எந்தத் திசையில் என்று எழுதவில்லை.

முற்றம் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. தீர்மானம் கேட்க நாளுக்கு நாள் கூடுதல் தூரம் நடக்க வேண்டியிருந்தது. முதலில் வராமல் போனது சவரியாயி. பிறகு கைக்குழந்தைக்காரிகள். பிறகு வலைக்குப் போகிறவர்கள். வேலை நேரத்தைக் கூட்டும் தீர்மானம் வாசிக்கப்பட்டபோது படிக்கட்டின் முன்னால் மீராசாவும் இரண்டு ஆடுகளும்தான் நின்றார்கள் என்று ஊரில் சொன்னார்கள். மீராசா பாலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்டதும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாராம். அதற்கப்புறம் யோகராணி பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்பினாள். தைலம்மை மீராசாவின் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினாள்.

அடுத்து களத்தைக் கேட்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கப்பல் சரக்கை அடுக்க இடம் போதவில்லையாம். அன்றைக்குத் தைலம்மை களத்துப் பெண்களைத் திரட்டினாள். நங்கூரக் கயிறுகளைத் தூக்கிக்கொண்டு போய் மன்றத்தின் தேக்குத் தூண்களில் சுற்றி, மறுமுனையைச் சவுக்கு மரங்களில் கட்டினார்கள். கட்டிடம் தும்பில் மாட்டிய கன்றுக்குட்டியைப் போல நடுங்கியது. ஓடுகள் கடகடத்தன. உள்ளே இருந்த உறுப்பினர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். சோலையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"அக்கா, கயித்த அவுக்கச் சொல்லு."

"அது போகுதுடா."

"போகட்டும். நாம இழுத்துப் புடிச்சா அவங்க கப்பலப் பக்கத்து நாட்டுக்குத் திருப்பிருவாங்க. அங்க கட்டிடமெல்லாம் ஓடுதாம். நம்மளுது நடக்கத்தான செய்யுது."

"உனக்கு ஓட்டுப் போட்டது நானா, அவனா?"

சோலையப்பன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லும்போது அவன் தலையைச் சொறிய மாட்டான், அதனால் அவன் உண்மையைத்தான் சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "நீதான்க்கா. ஆனா ஓட்ட வாங்கி வச்சுக்கிட்டு நான் உனக்கு என்னத்தக் குடுக்க முடியும்? வேலை அவங்கிட்ட இருக்கு. யோகராணி அங்கதான இருக்கா."

மகள் பெயரை இழுத்ததுதான் தைலம்மையை எரித்தது. பட்டாளத்தின் முன்னால் நகத்தைக் கொடுத்தவன், தயவுசெய்து என்று சொல்கிறவன் முன்னால் நாக்கைக் கொடுத்துவிட்டான். அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். அவன் மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனான். கயிறுகளை யாரும் அவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றாக அவையே இற்று விழுந்தன. மன்றம் சவுக்குத் தோப்பைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, வேலியண்டை போய் நின்றது. தாராள மண்டலத்தின் வாசல் திறந்து, அது நுழைந்ததும் மூடிக்கொண்டது.

சனங்கள் வாசலில் போய்க் கேட்டபோது காவலாளி மிகவும் மரியாதையாகப் பேசினான். அடையாள அட்டை உள்ளவர்கள்தான் உள்ளே வரலாம், மன்னிக்க வேண்டும் என்றான். இப்படி ஒரு சட்டம் எப்போது வாசித்தார்கள் என்று தைலம்மை கேட்டாள். இது சட்டமில்லையம்மா, பாதுகாப்பு விதி, விதியை யாருக்கும் வாசிக்கத் தேவையில்லை என்று அவன் விளக்கினான். அவளுக்கு ஒரு தண்ணீர் போத்தலும் கொடுத்தான். அவள் அதை அவன் காலடியில் கொட்டினாள்.

களத்துத் தீர்மானம் வாசிக்கும் நாளில் ஊரே வேலிக்கு வெளியே நின்றது. வராமலிருந்த சவரியாயியைக்கூடத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்து வந்தார்கள். உள்ளே, படிக்கட்டின் முன்னால், நீலச் சட்டை போட்ட ஆலைத் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வரிசையில் யோகராணி நின்றாள்.

தைலம்மை மகளைக் கூப்பிடவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை. இங்கிருந்து ஒரு ஜாடை காட்டினாலும் அங்கே அவள் வேலை போய்விடும். காட்டாவிட்டால் களம் போய்விடும். பெற்றவளை இப்படி ஓர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று மனதுக்குள் சபித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

சோலையப்பன் படியில் வந்து நின்று வாசித்தான். கடற்காற்று அவன் சொற்களை வேலிக்கு வரவிடாமல் அள்ளிக்கொண்டு போனது. வெளியே இருந்தவர்கள் "விழல, விழல" என்று கத்தினார்கள். அது கணக்கில் வராது என்று பக்கத்தில் நின்ற கம்பெனிக் கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சைகை காட்டினார். உள்ளே நீலச் சட்டைகள் ஒரே குரலில் "காதுல விழுந்துச்சு" என்றன. அந்தச் சத்தம் அடங்கியதும், வரிசையின் நடுவிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"எனக்கு விழல."

யோகராணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோலையப்பன் மருமகளைப் பார்த்தான், கோட்டுக்காரரைப் பார்த்தான், முதலிலிருந்து வாசித்தான். அவள் விழல என்றாள். மறுபடி வாசித்தான். விழல. ஒலிபெருக்கி கொண்டுவந்து வேலிக்கு முதுகு காட்டி வைத்தார்கள். கழிமுகத்தின் அந்தக் கரையில் நாரைகள் எழுந்து பறந்தன. விழல மாமா, இன்னொரு தடவை வாசிங்க என்று அவள் மரியாதையாகக் கேட்டாள். தயவுசெய்து என்றும் சேர்த்துக்கொண்டாள். வெயில் ஏறியது, இறங்கியது. அவன் வாசித்துக்கொண்டே இருந்தான், குரல் தேய்ந்துகொண்டே வந்தது, சிறைக்குள் போய்வந்த அந்தக் குரல் கயிறு நைவதைப் போல இழை இழையாக நைந்து, கடைசியில் வாய் மட்டும் திறந்து மூடியது. இப்போது வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தயங்கித் தயங்கி "விழல" என்றான். அடுத்தவளும் சொன்னாள். பொய்யில்லையே, நிஜமாகவே ஒன்றும் விழவில்லை. நீலச் சட்டைகள் அத்தனையும் அதைச் சொன்னபோது வேலிக்கு வெளியே தைலம்மை கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

யோகராணியின் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே விட்டார்கள். மன்னியுங்கள் என்று சொல்லித்தான் விட்டார்கள்.

மன்றம் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தளத்தை ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, கப்பல் நின்ற பக்கமாக நடக்க ஆரம்பித்தது. சோலையப்பன் இன்னும் படியிலேயே நின்றான், கையில் தீர்மானத்தோடு. தைலம்மை வேலியை ஒட்டி அதோடு கூடவே ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று போனது.

"எறங்குடா சோலை. குதிச்சிருடா."

அவன் அவளைப் பார்த்தான். வாய் அசைந்தது. சரி என்றானா முடியாது என்றானா, போய்ட்டு வந்துருவேன் என்றானா, அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கால் படியிலிருந்து எழும்பி நின்றது. பிறகு அதைப் படியிலேயே திரும்ப வைத்தான். கட்டிடம் கப்பலின் பலகைமேல் ஏறியது. ஓடு, தூண், சாய்வு நாற்காலி எல்லாவற்றோடும் அது சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ள, கப்பல் ஊதிவிட்டுக் கிளம்பியது. கரையில் மீராசா தன் சக்கரக் கடையோடு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

கொஞ்ச நாளில் ரேடியோ சொன்னது: மூங்கில்துறை மன்றத்தின் தீர்மானம் கடலுக்கு அப்பால் முறைப்படி வாசிக்கப்பட்டது. அங்கே ஒலிபெருக்கியில் ஓர் இளைஞர் நல்ல உச்சரிப்போடு வாசித்தாராம். கூடியிருந்த எல்லார் காதிலும் விழுந்ததாம். மன்றம் உண்டு, வழக்கம் உண்டு, தேர்தலும் தவறாமல் நடக்கும், விரலுக்கு மை அங்கிருந்தே வரும் என்றது. மக்களாட்சி முன்பைவிட வலுவாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. தைலம்மை ரேடியோவை அணைக்கவில்லை. எடுத்து உப்புத் தொட்டிக்குள் போட்டாள்.

மண்வாரி இயந்திரம் வந்த காலையில் களத்துப் பெண்கள் அவளுக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு வலையில் ஏகப்பட்ட மீன். நெத்திலி, வாளை, சாளை, கீறிய திருக்கை என்று கூடை கூடையாகக் கொட்டிப் பரப்பினார்கள். பாய்கள் தீர்ந்தபோது மணலிலேயே பழைய வலைகளை விரித்துப் பரப்பினார்கள். வழக்கமாக நடைபாதைக்கென்று விடுகிற இடத்தையும் விடவில்லை. யோகராணி கைவேகம் மறந்துபோயிருந்தாள். தையல் ஊசி பழகிய விரலில் வாளையின் பல் குத்தி ரத்தம் வந்தது. ஒரு சொட்டு உப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள். தைலம்மை அவளை, "நல்லா விரிச்சுப் போடுடி, ஒண்ணுமேல ஒண்ணு ஏறக்கூடாது" என்று விரட்டினாள். மகளுக்கு வேலை போனதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவாள், அழுதால் கோபம் குறைந்துவிடும், கோபம் இப்போது தேவைப்பட்டது.

இயந்திரம் களத்தின் விளிம்பில் வந்து நின்று உறுமியது. ஓட்டி வந்தவன் மலைப்பக்கத்து மேட்டுநாட்டுக்காரன், கம்பெனித் தொப்பி போட்டிருந்தான். இறங்காமலே, எதற்கம்மா வம்பு, ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டான். சட்டம் வந்துவிட்டது என்றான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தைலம்மை கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப் போல, நிறுத்தி நிதானமாக வாசித்தான். மூங்கில்துறைக் கடற்கரையில் உள்ள பயன்படாத நிலம், என்று ஆரம்பித்தது அது.

அன்றைக்குத் தம்பி நாள் முழுக்க வாசித்தும் அவள் காதில் விழாத வார்த்தை அது. பயன்படாத நிலம். தைலம்மை அதை ஒரு தடவை தன் வாயால் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் கீறுகத்திகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். களம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளிவெள்ளியாக வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அந்த வெளிச்சம் அவன் தொப்பியின் அடியிலும் பட்டது.

"எறங்கி வாய்யா," என்றாள். "வந்து நீயே பாரு. பயன்படாத இடம் எதுன்னு கையக் காட்டு, அங்க கொண்டாந்து வண்டிய நிறுத்திக்கோ. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மீன மிதிச்சுட்டு வராத. அது திங்கிற பொருளு."

அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இருக்கையிலிருந்து எழுந்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தின் இரும்புப் படியில் ஒரு காலை வைத்து, மறுகாலைக் கீழே நீட்டினான். வலப்பக்கம் நெத்திலி. இடப்பக்கம் வாளை. கொஞ்சம் தள்ளி நீட்டிப் பார்த்தான், அங்கே யோகராணி அப்போதுதான் குனிந்து ஒரு திருக்கைத் துண்டை வைத்தாள். காலை மடக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பூட்ஸ் போட்ட அந்தக் கால் மீனுக்குமேல் ஒரு முழ உயரத்தில், இடம் தேடிக்கொண்டு தொங்கியது.